பரிசில் இல்லாத பெயர்

மாக் மண்டின் தொழிற்பேட்டையைக் கடந்து பள்ளிக்குப் போய் வளர்ந்தவன் நான். இன்று பல்கலைக்கழகத்தில் பொருள் அறிவியல் படிக்கிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதுகலை மாணவர் ஒருவர் பிளாஸ்டிக்கில் சிறிதளவு கிராஃபீன் கலந்து, மின்சாரம் கடத்தும் கூட்டுப்பொருள் செய்கிறார். கிராஃபீன் எத்தனை அடுக்காக இருக்கிறது என்று ராமன் நிறமாலைமானியில் பார்க்கிறார். குடுவை கழுவுவதும் அளவுகளைக் குறித்துக் கொடுப்பதும் என் வேலை. ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் வராது. அந்தக் குறையோடு ராமனைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் கே.எஸ். கிருஷ்ணனை அறிந்தேன்.

தமிழ்நாட்டின் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர் கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன். மதுரையிலும் சென்னையிலும் படித்தபின், கல்கத்தாவுக்குச் சென்று 1923இல் சர் சி.வி. ராமனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். திரவங்களைத் தூசு துளியும் இல்லாமல் வடித்துத் தூய்மையாக்கி, அவற்றில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று அளந்தார். இப்படி அறுபதுக்கும் மேற்பட்ட திரவங்களைச் சோதித்தார். அந்தப் பொறுமைதான் 1928இல் ராமன் விளைவுக்கு வழி திறந்தது. அதை உலகுக்கு அறிவித்த கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தன. 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே கிடைத்தது. கிருஷ்ணனுக்கு உரிய பங்கு எவ்வளவு என்று இன்றும் பேசுகிறார்கள்.

அவரோ அதற்குள் டாக்கா பல்கலைக்கழகத்தில் அடுத்த ஆய்வில் மூழ்கியிருந்தார். சிறு படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அவை திரும்பும் விதத்தை அளந்தார். மீண்டும் கல்கத்தா வந்தபின் பென்சிலில் உள்ள கிராஃபைட் அவரை ஈர்த்தது. அதன் அடுக்குகளின் வழியே மின்சாரம் எளிதாக ஓடுகிறது. ஓர் அடுக்கிலிருந்து மற்றோர் அடுக்குக்குத் தாண்ட மிகவும் திணறுகிறது. 1939இல் அவரும் அவருடைய மாணவர் கங்குலியும் இந்தப் பெரிய வேறுபாட்டை அளந்து வெளியிட்டனர்.

1940இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1947இல் டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். தமிழிலும் அறிவியல் எழுதிய அவர் 1961இல் மறைந்தார்.

கிராஃபைட்டின் ஒற்றை அடுக்கே கிராஃபீன். அதை 2004இல் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் 2010இல் நோபல் பரிசு பெற்றார்கள். எங்கள் மேசையில் இருக்கும் கருவியிலும் அவர் உழைப்பு இருக்கிறது. கருவிக்குக் கீழே வைக்கும் கறுப்புத் துகளிலும் இருக்கிறது. இரண்டிலும் அவர் பெயர் இல்லை.

நண்பர்களே, பெயர் வராத வேலை வீண் வேலை என்று இப்போது நான் நினைப்பதில்லை. உழைத்தவர் பெயரைத் தேடிச் சொல்வதும் நம் கடமை என்றே நினைக்கிறேன். குடுவையை மட்டும் முன்பைவிடச் சுத்தமாகக் கழுவுகிறேன்.