காத்திருப்பை அளந்த எர்லாங்

வரிசையில் நிற்காத மனிதர் உண்டோ? ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் என்று வாழ்நாளில் ஒரு பகுதி நின்றே கழிகிறது. கல்வராயன் மலையிலிருந்து வந்து படிக்கும் என் போன்றோர்க்கு ஒரு நாழிகைத் தாமதம் ஒரு நாளையே விழுங்கிவிடும். சென்ற ஆண்டு சான்றிதழ் ஒன்றிற்கு விண்ணப்பிக்கக் கள்ளக்குறிச்சியில் ஒரு கணினி மையத்தில் அமர்ந்தேன். திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. வேலை முடிவதற்குள் வெள்ளிமலை செல்லும் கடைசி பஸ் போய்விட்டது! அடுத்த வாரம் வகுப்பில் வரிசைக் கோட்பாட்டை நடத்திய எங்கள் ஆசிரியர் எர்லாங் என்ற பெயரைச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அக்னர் கிராருப் எர்லாங் 1878 ஜனவரி முதல் நாள் டென்மார்க்கில் லோன்போர் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஊர்ப் பள்ளி ஆசிரியர். மாலையில் சகோதரர் ஒரு நூலை நேராக வைத்துப் படிக்க, எதிரே அமர்ந்து அதையே தலைகீழாகப் படிப்பது இவருக்கு விளையாட்டு. 14 வயதில், வயது போதாமையால் தனி அனுமதி பெற்று, பல்கலைக்கழக முதனிலைத் தேர்வை எழுதிச் சிறப்புடன் தேறினார். பின்பு தந்தையின் பள்ளியிலேயே இரண்டாண்டு பாடம் சொன்னார். உதவித்தொகை பெற்றுக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1901இல் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். ஏழாண்டுகள் பள்ளி ஆசிரியர் பணி.

கணிதச் சங்கத்தில் யென்சன் என்பவரின் நட்புக் கிட்டியது. சமனிலிக்குப் பெயர் தந்த அதே யென்சன்தான். பிழைப்புக்குத் தொலைபேசிக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர்! அவர் மூலம் 1908இல் எர்லாங் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே ஒரு சிக்கல் காத்திருந்தது. இணைப்புக் கம்பிகள் குறைந்தால் அழைப்புகள் வீணாகும். கூடினால் பணம் வீணாகும். எத்தனை வேண்டும்? அழைப்புகள் பாய்சான் பரவலைப் பின்பற்றி வருகின்றன என்று 1909இல் காட்டினார். 1917இல் வெளியிட்ட கட்டுரையில் இழப்புக்கு ஒன்று, காத்திருப்புக்கு ஒன்று எனச் சூத்திரங்கள் தந்தார். நாற்காலிக் கணிதர் என்று எண்ணிவிட வேண்டாம். ஏணி தூக்கிய தொழிலாளி பின்தொடர, தெருத்தெருவாகச் சென்று கேபிள் குழிகளில் மின்கசிவை அளந்தவர்.

அவர் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். நான்கு கவுண்டர்கள், ஆளுக்குச் சராசரி 3 நிமிட வேலை, கவுண்டர்கள் 100க்கு 80 பங்கு நேரம் வேலையில் இருக்கின்றன. தனித்தனி வரிசையில் பிரிந்து நின்றால் சராசரிக் காத்திருப்பு 12 நிமிடம். எல்லோரும் ஒரே வரிசையில் நின்றால் சுமார் 2¼ நிமிடம்தான்! கூடுதலாக ஓர் ஆளும் போடவில்லை.

என் திரையில் சுற்றிய சக்கரத்திற்கு வருவோம். பல பிராசசர்கள் கொண்ட சர்வரில், வரும் தகவல் துணுக்குகளை முதலில் வாங்குவது நெட்வொர்க் கார்டு. அது அவற்றைப் பல வரிசைகளாகப் பிரித்து, வரிசைக்கு ஒரு பிராசசரைக் காட்டுகிறது. எர்லாங் சொன்னபடி ஒரே வரிசையாக வைக்கலாகாதா? வைத்தால் பிராசசர்கள் ஒன்றையொன்று தடுக்கும்; ஒரே இணைப்பின் துணுக்குகள் முன்பின்னாகும். எனவே தனி வரிசைகளே வழக்கம். ஆனால் பங்கீடு சரியில்லாவிட்டால் ஒரு பிராசசர் திணற, பக்கத்துப் பிராசசர் சும்மா இருக்கும். கார்டில் வரிசை ஒன்றே என்று அமைத்துவிட்டால், எட்டு பிராசசர் இருந்தும் துணுக்குகளை வாங்கும் சுமை ஒன்றின் தலையிலேயே விழக்கூடும். வரிசையின் நீளமும் அப்படித்தான். குறைத்தால் துணுக்குகள் இடமின்றித் தொலையும். நீட்டினால் நின்று காத்திருக்கும். 1917இன் இரு கணக்குகளும் இங்கே மீண்டும் எதிர்ப்படுகின்றன. சர்வரைப் பராமரிப்பவர் வரிசைகளின் எண்ணிக்கையையும் நீளத்தையும் சுமையைப் பார்த்து அமைக்க வேண்டும். வந்தபடியே விட்டுவிடுபவரும் உண்டு. மலைப் பஸ் அவருக்காகவும் நிற்பதில்லை.

எர்லாங் மணம் செய்துகொள்ளவில்லை. நூல்கள் சேர்த்தார். உதவி நாடி ஆய்வகத்திற்கு வந்தவர்களுக்குப் பிறர் அறியாமல் கொடுத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுப் பணியில் நோய் விடுப்பே எடுக்காதவர், 1929 ஜனவரியில் மருத்துவமனை சேர்ந்து, பிப்ரவரி 3ஆம் நாள் 51 வயதில் மறைந்தார். 1946இல் தொலைபேசிச் சுமையின் அளவைக்கு எர்லாங் என்றே பெயரிட்டனர்.