கடைசி இருக்கையில் அமர்ந்த புனிதர்

யூபிலி காணும் நாம், பங்குக் குருக்களின் பாதுகாவலராகிய புனித ஜான் மரிய வியான்னியை நினைவுகூர்வது மிகவும் பொருத்தமாகும். அவருடைய தவ வாழ்வைப் பற்றி நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பள்ளியிலும் குருமடத்திலும் அவர் தனித்து நின்ற ஆண்டுகளை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அவற்றைச் சற்றுக் காண்போம்.

வியான்னி 1786-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள், பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு அருகேயுள்ள தார்தில்லி என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். அவர் சிறுவனாய் இருந்த காலம் பிரெஞ்சுப் புரட்சியின் காலம். ஆலயங்கள் மூடப்பட்டன, குருக்கள் மறைந்து வாழ்ந்தனர். ஆடு மாடு மேய்ப்பதும் வயல் வேலையுமே அவருக்கு வாய்த்தன. படிப்பு பெயரளவிற்கே கிடைத்தது.

ஏறத்தாழ இருபது வயதில், எக்குல்லி பங்குத் தந்தை பாலே சுவாமிகள் நடத்திய சிறு பள்ளியில் சேர்ந்தார். உடன் படித்தவர்களோ சிறுவர்கள். இலத்தீன் இலக்கணம் அவர் நினைவில் நிற்கவே இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்த மத்தியாஸ் லோரா என்னும் சிறுவன் ஒருநாள் பொறுமையிழந்து அவரை அடித்துவிட்டான். வயதில் மூத்த வியான்னி அவன்முன் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டாராம். அந்த லோராவே பிற்காலத்தில் அமெரிக்காவில் டுபுக் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார்!

1812-இல் வெரியேர் சிறு குருமடத்திலும், 1813-இல் லியோன் பெரிய குருமடத்திலும் இதே நிலைதான். பாடங்கள் இலத்தீனில் நடந்தன. வினாக்கள் அவருக்குப் புரியவில்லை. சில மாதங்களில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பாலே சுவாமிகள் அவரைக் கைவிடவில்லை. தாய்மொழியிலேயே மறையியலைக் கற்பித்தார். மேலிடத்தில் அவருக்காகப் பரிந்து பேசினார். 1815 ஆகஸ்டு 13-ஆம் நாள், தமது 29-ஆம் வயதில், வியான்னி கிரெனோபிள் நகரில் குருப்பட்டம் பெற்றார்.

1818-இல் ஆர்ஸ் என்னும் குக்கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்தவர்கள் ஏறக்குறைய 230 பேர். பெரும்பாலோர் அவரைப் போலவே உழவர்கள். வகுப்பறையில் விளங்காமல் விழித்தவருக்கு, விளங்காதவரின் மனம் தெரிந்திருந்தது. தொடக்கத்தில் மறையுரைகளை எழுதி மனப்பாடம் செய்ய அரும்பாடுபட்டார். நாளடைவில் வயலையும் மந்தையையும் பறவைகளையும் காட்டி எளிய சொற்களில் போதித்தார். 1845-இல், பாரிசு மாநகரையே தம் சொல்வன்மையால் கவர்ந்த லக்கோர்தேர் சுவாமிகள் ஆர்சுக்கு வந்து, மக்களோடு அமர்ந்து அவருடைய மறையுரையைக் கேட்டார்.

1824-இல் ஏழைச் சிறுமியருக்காக இலவசப் பள்ளி ஒன்றை அவர் தொடங்கியதும் நம் கவனத்துக்கு உரியது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அங்கே உணவும் உறைவிடமும் கிடைத்தன. தாம் படிக்கப் பட்ட பாட்டை அவர் மறந்திருப்பாரா?

படிப்புக் குறைந்தவர் என்று உடன் குருக்கள் சிலர் அவரைப் பழித்தனர். அவர்மீது ஆயருக்குச் சுற்றுக்கு விடப்பட்ட குறைமனு அவர் கைக்கே வந்தபோது, தாமும் கையெழுத்திட்டு அனுப்பினார் என்பர். மாணவப் பருவத்திலேயே அவமானத்தைத் தாங்கப் பழகிய நெஞ்சம் அது. அதனால்தான், வெட்கத்தோடு வந்த பாவிகள் அவரிடம் அஞ்சாமல் மனம் திறந்தனர் என நாம் எண்ணுகிறோம். ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் ஆர்சுக்குத் திரண்டனர். நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம்கூட அவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருந்தார். 41 ஆண்டுகள் அதே பங்கில் உழைத்து, 1859 ஆகஸ்டு 4-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1925-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அன்பர்களே, ஒதுக்கப்படுவது தானாகவே யாரையும் உயர்த்திவிடாது. எத்தனையோ பிள்ளைகள் அதனால் மனமுடைந்து போகின்றனர். வியான்னிக்குப் பாலே சுவாமிகள் ஒருவர் இருந்தார். நம் ஞானோபதேச வகுப்பிலும் பள்ளியிலும் பின்னால் தனித்து அமரும் பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியுமா? அப்பிள்ளையின் அருகே சென்று அமர நம்மில் ஒருவராவது முன்வந்தால், யூபிலி ஆண்டின் நல்ல பலன்களுள் அதுவும் ஒன்றாகும். புனித வியான்னி நமக்காக மன்றாடுவாராக!