துறைமுகமும் தந்தை செல்வாவும்

1898 மார்ச் 31 ஆம் திகதி மலாயாவின் ஈப்போவில் பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்தவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம். பெயர்பெற்ற சட்டத்தரணியான அவர், 1947 இல் காங்கேசன்துறை உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியதை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்தார்; 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அவர் அஞ்சியதே நடந்தது. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அம்மக்களின் விருப்பத்தைக் கேளாமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது.

1956 ஓகஸ்டில் திருகோணமலையில் கூடிய அவரது கட்சி மாநாடு சமஷ்டி ஆட்சியைக் கோரியது. தமிழரையும் முஸ்லிம்களையும் தமிழ் பேசும் மக்கள் என ஒருசேரக் கண்டதே அவர் வளர்த்த அரசியலின் அடித்தளம். மறு ஆண்டு பண்டாரநாயக்காவுடன் அவர் செய்த ஒப்பந்தம், பிரதேச சபைகளுக்குக் காணி, குடியேற்ற அதிகாரங்களை வழங்க இணங்கியது. அதே 1957 இல் பிரித்தானியர் திருமலைக் கடற்படைத் தளத்தைக் கையளித்தனர். துறைமுகம் நாட்டுக்குக் கிடைத்தது. ஒப்பந்தமோ 1958 ஏப்ரலில் கைவிடப்பட்டது.

1977 ஏப்ரல் 26 இல் அவர் மறைந்தார். 1987 இல் இந்திய - இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்கள், திருமலைத் துறைமுகம் இந்திய நலனுக்குக் கேடான இராணுவத் தேவைக்கு எந்நாட்டுக்கும் வழங்கப்படாதென உறுதியளித்தன. அதைச் சூழ வாழ்ந்தோருக்கு அத்தகைய உறுதி வாய்க்கவில்லை. 2006 இல் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினர். திருமலைத் தமிழர் பலர் மன்னார்க் கரையிலிருந்து படகேறித் தமிழகம் சேர்ந்தனர். ஒரே மொழி பேசுவோர் இரு திசைகளில் அகதிகளாயினர்.

முஸ்லிம்களின் தனித்துவத்தை மதித்து அந்த ஒற்றுமையை மீளக் கட்டியெழுப்புவதே தந்தை செல்வாவுக்கு இம்மாவட்டம் செலுத்தக்கூடிய உண்மையான அஞ்சலியாகும்.