பூண்டிக்காக வாதாடிய மேயர்

நம் கல்லூரியில் சிவில் படித்தவர்கள் பூண்டி டூரை மறந்திருக்க மாட்டார்கள். நீரியல் ஆய்வு நிலையத்தைச் சுற்றிவிட்டு, அணைமேல் குரூப் போட்டோ எடுத்து, புளிசாதத்தைக் காலி பண்ணிவிட்டு பஸ் ஏறுவோம். அந்த நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். ஏன் அவர் பெயர் என்று அன்று யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. ஆகவே இந்த மலரில் அவரைப் பற்றி.

தீரர் சத்தியமூர்த்தி 1887-ல் திருமயத்தில் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்து வக்கீலானார். பெரிய பேச்சாளர், நாடக மேடையில் வேஷம் கட்டியவர், காமராஜரின் அரசியல் குரு. பாரதியார் நூல்கள் 1928-ல் பறிமுதலானபோது சட்டசபையில் எதிர்த்து முழங்கியவர். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது அவர் மேயராக இருந்த அந்த ஒரு வருஷம்தான்.

1939 கடைசியில் அவர் மேயரானார். அதைவிட மோசமான நேரம் கிடைக்காது! யுத்தம் ஆரம்பித்தாச்சு. ராஜாஜி மந்திரிசபை அக்டோபரிலேயே ராஜினாமா செய்துவிட்டது. நடந்தது கவர்னர் ஆட்சி. ஊரிலோ தண்ணீர்ப் பஞ்சம். 1931-ல் 6.47 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1941-ல் 7.77 லட்சம் ஆனது. ஆனால் நகரம் நம்பியிருந்தது 1872-லிருந்து வந்த அதே செங்குன்றம் ஏரித் திட்டத்தைத்தான். மழைக்காலத்தில் கொசஸ்தலையாற்றில் வெள்ளம் புரண்டு ஓடும். பெரும்பகுதி எண்ணூரில் கடலில் கலந்துவிடும். மேலேயே மறித்துத் தேக்கினால் சோழவரம் வழியாகச் செங்குன்றத்துக்குக் கொண்டுவரலாம். என்ஜினீயருக்கு இது பெரிய புதிரல்ல. அனுமதி வாங்குவதுதான் கஷ்டம். மாநகராட்சி தீர்மானம் போடலாம், அரசாங்கம் தலையசைக்கணுமே!

யுத்தச் செலவைக் காட்டித் தள்ளிப்போடுவது சர்க்காருக்குச் சுலபம். எந்த ஆட்சியை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினாரோ, அதே ஆட்சியின் கவர்னரிடம் போய் நகரத்துக்காக வாதாட வேண்டிய நிலை சத்தியமூர்த்திக்கு. காங்கிரஸ்காரருக்கு இது சங்கடமான காரியம்தான். அவர் தயங்கவில்லை, விடாமல் வற்புறுத்தினார். 1940-ல் கவர்னர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அடிக்கல் நாட்டினார். மதிப்பு சுமார் 65 லட்சம் ரூபாய், கொள்ளளவு 2,573 மில்லியன் கன அடி. (பின்னாளில் மட்டத்தை உயர்த்தி 3,231 ஆக்கினார்கள். கிருஷ்ணா தண்ணீரும் 1996-லிருந்து இங்கேதான் வந்து சேர்கிறது.)

2019 கோடையில் பூண்டி உட்பட ஏரிகள் எல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, நினைவிருக்கிறதா? மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அடையாறிலும் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு இவர் ஞாபகம் வந்திருக்கும்? எனக்கு வந்தது. அடிக்கல் ஒரு வருஷம் தள்ளிப்போயிருந்தால் யுத்தம் முடியும்வரை கிடப்பில் கிடந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பதவி முடிந்த கையோடு தனிநபர் சத்தியாக்கிரகம், சிறை. 1942 ஆகஸ்டில் பம்பாய் காங்கிரஸிலிருந்து திரும்பும் வழியில் மறுபடி கைது. அமராவதி சிறைக்குக் கொண்டுபோனார்கள். முதுகுத்தண்டில் அடிபட்டு உடம்பு அடியோடு கெட்டுப்போயிற்று. 1943 மார்ச் 28-ந் தேதி சென்னை பொது மருத்துவமனையில் காலமானார். வயது 55.

அப்போது பூண்டியில் வேலை இன்னும் முடியவில்லை. அணை திறக்கப்பட்டது 1944-ல்.