ஜாக் ஒஃபென்பாக் (1819 – 1880)

மாணவர்களே, மேடையில் பாடலும் உரையாடலும் நகைச்சுவையும் கலந்து வரும் ஆற்றுகைகளை நீங்கள் பார்த்து மகிழ்ந்திருப்பீர்கள். பிரான்ஸில் இவ்வகை இலகுவான இசை நாடகத்தை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஜாக் ஒஃபென்பாக். இவர் இசையமைப்பாளர் மட்டுமல்லர். சொந்த அரங்கை நிறுவி நடத்திய நெறியாளரும் ஆவார்.

இவர் 1819 ஜூன் 20 இல் ஜேர்மனியின் கொலோன் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். இவரது தந்தையார் யூத ஆலயத்தில் பாடுபவர். செலோ என்னும் நரம்பு வாத்தியத்தில் மகனுக்கிருந்த திறமையைக் கண்ட தந்தையார், 1833 இல் அவரைப் பாரிஸுக்கு அழைத்துச் சென்றார். அங்குள்ள இசைக் கல்லூரி அக்காலத்தில் வெளிநாட்டவரைச் சேர்ப்பதில்லை. எனினும் சிறுவனின் வாசிப்பைக் கேட்டபின் அதிபர் செருபினி இடமளித்தார். ஓராண்டில் கல்லூரியை விட்டு விலகிய ஒஃபென்பாக், ஒப்பெரா கொமிக் அரங்கின் இசைக்குழுவில் செலோ வாசித்துப் பிழைத்தார்.

தமது ஆக்கங்களை மேடையேற்றுமாறு பெரிய அரங்குகளை அவர் பலமுறை அணுகியும் பயன் கிட்டவில்லை. எனவே தாமே ஓர் அரங்கைத் தொடங்கத் துணிந்தார். 1855 இல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அவ்விடத்துக்கு அண்மையில் சிறிய மண்டபமொன்றில் ஜூலை 5 இல் பூஃப் பாரிசியன் அரங்கு திறக்கப்பட்டது. ஒரு நாடகத்தில் மிகச் சில பாத்திரங்களே இடம்பெறலாம் என்பது அரசின் நிபந்தனை. அவர் சோர்ந்துவிடவில்லை. குருடராக நடித்து ஏமாற்றும் இரு பிச்சைக்காரர்களை மட்டும் கொண்ட சிறு நாடகத்தை முதல் நாளன்றே மேடையேற்றி வெற்றி கண்டார். இருக்கும் வசதிக்கு ஏற்பப் படைப்பை அமைப்பது நெறியாளருக்குரிய திறன் என்பதை இங்கு கவனியுங்கள்.

நிபந்தனை நீங்கியதும் 1858 ஒக்டோபரில் 'பாதாளத்தில் ஓர்ஃபேயஸ்' அரங்கேறியது. கிரேக்கக் கதையில் ஓர்ஃபேயஸ் மனைவி மீது பேரன்பு கொண்டவன். இதிலோ கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் வெறுக்கின்றனர். ஊர்ப் பேச்சுக்கு அஞ்சியே அவன் அவளைத் தேடிச் செல்கிறான். புனிதமான பழங்கதையைக் கேலி செய்ததாக விமர்சகர் ஒருவர் கண்டித்தார். அதனால் கூட்டம் இன்னும் பெருகியது. முதல் தொடரிலேயே 228 ஆற்றுகைகள் நடைபெற்றன. இன்று கான்கான் நடன இசையாக உலகம் அறிந்த மெட்டு இந்நாடகத்தில் உள்ளதே.

1860 இல் அவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். 1862 இல் அரங்கின் நெறியாளர் பதவியைத் துறந்தபோதும் 'அழகி எலேன்' (1864), 'பாரிஸ் வாழ்க்கை' (1866) முதலியவற்றால் புகழின் உச்சியை அடைந்தார். ஆனால் 1870 இல் பிரான்ஸும் பிரஷ்யாவும் போரிட்டபோது பிரெஞ்சுப் பத்திரிகைகள் அவரை எதிரியின் ஆள் எனச் சந்தேகித்தன. ஜேர்மன் பத்திரிகைகளோ துரோகி என்றன. இரு நாடுகளுக்கும் உரியவர் இரு நாடுகளாலும் ஒதுக்கப்பட்டார்.

1873 இல் கேத்தே அரங்கைப் பொறுப்பேற்றார். அங்கு பெரும் செலவில் மேடையேற்றிய நாடகமொன்று தோல்வியுற்றதால் கடனில் மூழ்கி, 1875 இல் அரங்கைக் கைவிட்டார். வருங்கால வருமானத்தை ஈடுவைத்துக் கடன் தீர்க்க முற்பட்ட அவர், 1876 இல் அமெரிக்கா சென்று நியூயோர்க்கிலும் பிலடெல்பியாவிலும் இசை நிகழ்ச்சிகளை நடத்தினார்.

நோயுற்றிருந்த இறுதி ஆண்டுகளில் 'ஹொஃப்மனின் கதைகள்' என்னும் இசை நாடகத்தை இயற்றினார். அதனை மேடையில் காண வேண்டும் என்பதே அவரது பேராவல். அது நிறைவேறுமுன் 1880 ஒக்டோபர் 5 இல், 61 ஆவது வயதில், மறைந்தார். எர்னெஸ்ட் கிரோ அதனை முடித்துக் கொடுக்க, 1881 பெப்ரவரி 10 இல் அது அரங்கேறியது. அவ்வரங்கு எது தெரியுமா? இளமையில் அவர் செலோ வாசித்த, பின்னர் அவரது ஆக்கங்களுக்கு இடமளிக்கத் தயங்கிய அதே ஒப்பெரா கொமிக் நிறுவனமே.

பயிற்சி வினாக்கள்
1. ஒஃபென்பாக் சொந்த அரங்கை நிறுவியமைக்கான காரணம் யாது?
2. அரசின் நிபந்தனையை அவர் எவ்வாறு எதிர்கொண்டார்?
3. 1870 ஆம் ஆண்டுப் போர் அவரது வாழ்வைப் பாதித்த விதத்தை விளக்குக.