எலுமிச்சை வேரைத் தோண்டிப் பார்த்தவர்

புளியங்குடியில் எலுமிச்சை வைத்திருக்கும் உங்களுக்கு ஆல்பர்ட் ஹோவர்ட் என்றால் கம்போஸ்ட் உரம்தான் நினைவுக்கு வரும். அவர் எலுமிச்சை மரத்தின் வேரையும் தோண்டி ஆராய்ந்தவர்.

1873-ல் இங்கிலாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, மேற்கிந்தியத் தீவுகளில் பயிர்நோய் ஆய்வு செய்தார். 1905-ல் பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். தானே சாகுபடி செய்து பார்க்காமல் விவசாயிக்கு யோசனை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நிலம் கேட்டு வாங்கி, சுற்றுவட்டார விவசாயிகளிடம் பாடம் கற்றார்.

அங்கே மா, கொய்யா, எலுமிச்சை உள்ளிட்ட பழமரங்களை நட்டு, ஒரு பகுதியில் புல் மண்ட விட்டார். அந்தப் பகுதி மரங்கள் நலிந்தன. காரணத்தை இலையில் தேடாமல், தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கழுவி வேரைப் பார்த்தார். கோடையில் ஆழத்து வேர்களும், மழைக்காலத்தில் மேல்மண் வேர்களும் வேலை செய்வது தெரிந்தது. புல் மூடிய மண்ணில் கரியமில வாயு கூடி, வேருக்குக் காற்று குறைந்திருந்தது. காற்றுப் புகக் குழி வெட்டிய இடங்களில் மரங்கள் தேறின. இலையைப் பார்த்தே பல வருடம் உரம் சொல்லி வந்த எனக்கு இதைப் படித்தபோது கூச்சமாக இருந்தது.

1924-ல் இந்தூர் சென்றார். அவரும், தாவர விஞ்ஞானியான மனைவி கேப்ரியலும் பருத்தி மார், களை, தழை, சாணம், மூத்திரம் ஊறிய மண், சாம்பல் எல்லாம் சேர்த்து, மூன்று மாதத்தில் மட்கும் முறையை உருவாக்கினர். கட்டையான பருத்தி மாரைப் பாதையில் பரப்பி, வண்டிச் சக்கரத்தில் நசுங்க விடுவார்கள். காற்றுக்காகக் குவியலைப் புரட்டிப் போடுவார்கள். 1930-ல் கேப்ரியல் இறந்தார். அடுத்த ஆண்டு ஹோவர்ட் தாயகம் திரும்பினார். பின்னாளில் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தபோது, மட்கு உரம் இட்ட செடிகளின் சல்லி வேர்களில் நன்மை செய்யும் வேர்ப்பூசணம் செழித்திருப்பதைக் கவனித்தார். 1947-ல் காலமானார்.

இந்த மழை ஓய்ந்ததும் உங்கள் தோப்பில், கிளை நுனிக்கு நேர் கீழே அரை அடி கையால் மண்ணை விலக்கிப் பாருங்கள். வெளுப்பான சல்லி வேர் தென்பட்டால், மட்கு உரத்தை அங்கேயே இட்டு லேசாகக் கிளறுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம். வேர் கறுத்து, மண்ணில் அழுகல் வாடை வந்தால் உரம் காத்திருக்கட்டும். முதலில் தேங்கிய நீரை வடியுங்கள், பாத்தியில் பாய் போல மண்டிய அருகை எடுங்கள்.