கம்பியில்லாமல் மணி அடித்தவர்!

குழந்தைகளே, உங்கள் வீட்டு மாடியிலோ பக்கத்து வீட்டு மாடியிலோ டி.டி.எச். குடை இருக்கிறதா? எங்கள் போளூரில் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் நாலைந்து குடைகளாவது கண்ணில் படும். அடுத்த முறை பார்க்கும்போது குடையை விட்டுவிடுங்கள். அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனியைப் பாருங்கள். கைக்குள் அடங்கும் சின்ன டப்பா ஒன்று இருக்கும். மேலே பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தாலும், உள்ளே அதன் வாய் புனல் போல விரிந்திருக்கும். செயற்கைக்கோளில் இருந்து வரும் அலைகளைக் குடை குவித்துக் கொடுக்கிறது. வாங்கிக் கொள்வது அந்தப் புனல்தான். அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர்.

இதே நீளமுள்ள அலைகளை உண்டாக்கி, இதே போன்ற புனலால் பிடித்தும் காட்டினார் ஒருவர். அது நடந்து 125 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நடந்த இடம் கல்கத்தா. அவர் பெயர் ஜகதீஷ் சந்திர போஸ்.

செடிகளுக்கு உயிர் உண்டு என்று கண்டுபிடித்தவர் என்று பரீட்சையில் எழுதி, ஒரு மார்க்கும் வாங்கியிருப்பீர்கள். செடிக்கு உயிர் உண்டு என்பது நம் பாட்டிகளுக்கே தெரியும். தொட்டாலும் சுட்டாலும் செடி எப்படி மாறுகிறது என்பதைக் கருவி வைத்து அளந்து காட்டியதுதான் அவருடைய வேலை. ஆனால் செடிப்பக்கம் போவதற்கு முன்பே அவர் செய்த வேலை ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

1858 நவம்பர் 30-ஆம் தேதி, இன்று வங்கதேசத்தில் இருக்கும் பகுதியில் போஸ் பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ் பெரிய அரசாங்க அதிகாரி. அந்தக் காலத்தில் அதிகாரி வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குத்தான் போவார்கள். இவரோ மகனை வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். முதலில் தாய்மொழி படிக்கட்டும், நம் மக்களோடு பழகட்டும் என்பது அவர் எண்ணம். வகுப்பில் ஜகதீசின் ஒரு பக்கம் அப்பாவின் பணியாளர் மகன். மறுபக்கம் மீனவர் மகன். அவர்கள் சொன்ன மீன் கதைகளும் பறவைக் கதைகளும் அந்தச் சிறுவன் மனதில் ஒட்டிக்கொண்டன.

பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரி. அங்கே லஃபோன்ட் என்ற பாதிரியார், இயற்பியலைச் செய்து காட்டியே சொல்லிக் கொடுத்தார். அடுத்து மருத்துவம் படிக்க லண்டன் போனார். காய்ச்சல் விடாமல் வாட்டியது. பிண அறுவை அறையின் நெடி அதை இன்னும் மோசமாக்கியது. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர் புகழ்பெற்ற ராலே பிரபு.

1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலை கிடைத்தது. வேலையோடு ஓர் அவமானமும் வந்தது. வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. அதிலும் இவர் தற்காலிக வேலை என்று சொல்லிப் பாதியாகக் குறைத்தார்கள். ஆக, மூன்றில் ஒரு பங்கு! போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்துவிட்டார். ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, மூன்று வருடம்! ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடாமல் பாடம் நடத்தினார். வீட்டிலோ அப்பா பட்ட கடன் மலையாக நின்றது. இந்த நேரத்தில்தான் 1887-இல் அவருக்குத் திருமணமும் நடந்தது. மணமகள் அபலா, நம் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு 1882-லேயே வந்து படித்தவர். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியாமல் ஊர் திரும்பியவர்.

கடைசியில் கல்லூரிதான் இறங்கி வந்தது. மூன்று வருடத்து முழுச் சம்பளமும் மொத்தமாகக் கைக்கு வந்தது. அப்பாவின் கடனை அடைத்தார்.

1894 நவம்பர் 30. அன்று அவருக்கு 36 வயது நிறைந்தது. இனி வாழ்க்கை ஆராய்ச்சிக்குத்தான் என்று அன்று முடிவு செய்தார். ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்பவர் 1888-க்குள் மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டியிருந்தார். அவர் 1894 தொடக்கத்தில், அதே 36 வயதில் இறந்து போனார். அந்த அலைகளைப் பற்றிய வேலையைத்தான் போஸ் கையில் எடுத்தார்.

சரி, ஆய்வுக்கூடம்? குளியலறையை ஒட்டிய ஒரு சின்ன அறை. பரப்பு 24 சதுர அடி! ஆறடிக்கு நாலடி என்று கோலமாவில் கோடு போட்டு, அதற்குள் நின்று பாருங்கள், புரியும். உதவிக்குக் கிடைத்தவர் ஒரு தகர வேலைக்காரர். விஞ்ஞானக் கருவி எதையும் அதற்குமுன் செய்து பழகாதவர். கருவிகளுக்கான செலவு போஸின் சொந்தச் சம்பளம். வகுப்புகள் முடிந்த பிறகுதான் ஆராய்ச்சி.

ஹெர்ட்சின் அலைகள் மிகவும் நீளமானவை. அவற்றை வளைக்கவும் திருப்பவும் பெரிய பெரிய கண்ணாடிகளும் பட்டகங்களும் வேண்டும். அதற்கு அந்த அறையில் இடம் ஏது? அலையைச் சின்னதாக்கினால் கருவியும் சின்னதாகிவிடும் அல்லவா? போஸ் அதைத்தான் செய்தார். 2.5 சென்டிமீட்டரில் இருந்து 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை உண்டாக்கினார். அவற்றைச் சேர்த்துப் பிடிக்க, உலோகத் தகட்டில் புனல் செய்து கருவியின் முன்னால் வைத்தார். இன்று பொறியாளர்கள் கொம்பு ஆன்டெனா என்று சொல்வது அந்தப் புனலைத்தான்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்று பிரித்துப் பார்க்க ஒரு கருவி வேண்டியிருந்தது. போஸ் பயன்படுத்தியது என்ன தெரியுமா? பிராட்ஷா என்ற ரயில்வே கால அட்டவணைப் புத்தகம்! பக்கங்களுக்கு இடையே ஈயத்தாள் வைத்தார். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஸ்கேலை நிறுத்தி நீட்டினால் வெளியே போகும், படுக்க வைத்தால் முட்டிக்கொண்டு நிற்கும் அல்லவா? அதுபோல, ஒரு திசையில் அதிரும் அலை புத்தகத்தைத் தாண்டியது. மறு திசையில் அதிரும் அலை நின்றுவிட்டது.

1895-இல் கல்கத்தாவில் பலர் முன்னிலையில் ஒரு சோதனை செய்து காட்டினார். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் வங்காளத்தின் லெப்டினென்ட் கவர்னர். அலை எழுப்பும் கருவி ஓர் அறையில். வாங்கும் கருவி 75 அடி தள்ளி வேறோர் அறையில். நடுவே மூன்று சுவர்கள். போதாததற்குக் கவர்னரின் உடம்பு வேறு! அலை எல்லாவற்றையும் ஊடுருவிப் போனது. அங்கே மணி அடித்தது, துப்பாக்கி வெடித்தது, சிறிது வெடிமருந்தும் வெடித்தது. இரண்டு கருவிகளுக்கும் நடுவே ஒரு நூல்கூட இல்லை.

அந்தச் சோதனையில் அவர் இன்னொன்றும் செய்திருந்தார். 20 அடி உயரக் கம்பம், அதன் உச்சியில் வட்டமான உலோகத் தகடு. அனுப்பும் கருவிக்கு ஒன்று, வாங்கும் கருவிக்கு ஒன்று. இன்று ஏரியல், ஆன்டெனா கோபுரம் என்கிறோமே, அதற்கு இந்தியாவில் முன்னோடி அந்த இரண்டு கம்பங்கள்தான்.

அடுத்து பெரிய ஆசை வந்தது. ஒரு கம்பத்தைத் தன் வீட்டுக் கூரையிலும் மற்றதைக் கல்லூரிக் கூரையிலும் நட்டு, சுமார் ஒரு மைல் தூரத்துக்குச் செய்தி அனுப்பிப் பார்க்க வேண்டும்! திட்டம் போட்டார். ஆனால் 1896-இல் இங்கிலாந்துக்குப் பயணம் வந்துவிட்டது. கம்பங்கள் கூரை ஏறவே இல்லை. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். இன்னும் சில மாதம் கிடைத்திருந்தால்?

கூரையில் கம்பம் நடுவது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஹாம் ரேடியோக்காரர்கள் என்று பெயர். சொந்த வானொலிக் கருவி வைத்துக்கொண்டு, அரசாங்க உரிமத்தோடு உலகம் முழுக்கப் பேசுகிறவர்கள். நம் நாட்டில் 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதி இந்த உரிமம் பெறலாம். அவர்கள் கம்பம் நட்டால் மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டுவார்கள். மின்கம்பத்துக்குச் சாய்வாகக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். மூன்றும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் கம்பம் வளையும். மழைக்காலத்துக்கு முன் துரு ஏறியிருக்கிறதா, போல்ட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடி இறங்கினால் மின்சாரம் மண்ணுக்குப் போக எர்த் கம்பி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கம்பம் விழுந்தாலும் மின்சாரக் கம்பியைத் தொடாத தூரத்தில் நட வேண்டும். இதெல்லாம் பெரியவர்கள், அதுவும் பழகியவர்கள் செய்யும் வேலை. நீங்கள் கீழே நின்று பார்க்கலாம், ஏறக்கூடாது!

ஏன் இவ்வளவு உயரம்? குறுகிய அலை வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். எங்கள் ஊர் சம்பத்கிரி மலை நடுவே நின்றால் மலைக்குப் பின்னால் இருப்பவருக்கு அது எட்டாது. உயரத்தில் வைத்தால் மறைப்பு குறையும். நீண்ட அலைகளுக்கோ உயரமான கம்பியே ஆன்டெனாவின் பகுதி. அலையைக் காற்றில் தள்ளுவது அதுதான்.

இத்தாலிக்காரர் மார்க்கோனி 1895-இல் இதைப் பிடித்துக்கொண்டார். ஒரு முனையை உயரத்திலும் மறுமுனையை மண்ணிலும் வைத்தபோது, அவருடைய அலை ஒரு குன்றைத் தாண்டிப் போனது. 1901 டிசம்பரில் அட்லான்டிக் கடலையே தாண்டியது. அன்று அலையை வாங்க அவர் பயன்படுத்தியது பாதரசம் வைத்த ஒரு கருவி. இரும்பும் பாதரசமும் சேர்ந்த அப்படிப்பட்ட கருவியைப் பற்றி போஸ் 1899-லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வெளியிட்டிருந்தார். அதற்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை.

பணம் தேடி வராமலும் இல்லை. 1901-இல் லண்டனில் அவர் சொற்பொழிவுக்குப் புறப்படும் நேரத்தில், பெரிய தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் காப்புரிமைப் படிவத்தோடு வந்து நின்றார். செலவு என்னுடையது, லாபத்தில் பங்கு உங்களுக்கு என்பது பேச்சு. போஸ் மறுத்துவிட்டு மேடைக்குப் போய், தன் கருவியைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். பிறகு நண்பர்கள் வற்புறுத்தியதால் வேறொரு கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பித்தார்; 1904-இல் காப்புரிமை கிடைத்தது. அதிலிருந்தும் அவர் பணம் பண்ணவில்லை.

சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் வாங்க மாட்டேன் என்றவர், கோடி வரக்கூடிய இடத்தில் ஏன் இப்படிச் செய்தார்? சம்பளம் மரியாதைப் பிரச்சினை. அறிவு எல்லோருக்கும் பொது. அவர் கணக்கு அப்படி. காப்புரிமை எடுத்திருந்தால் பின்னால் வந்த இந்திய விஞ்ஞானிகளுக்கு அந்தப் பணம் உதவியிருக்குமே என்றும் எனக்குத் தோன்றும். உங்கள் வகுப்பில் பேசிப் பாருங்கள், பாதிப் பேர் அந்தப் பக்கம் நிற்பார்கள்.

அதன்பின் அவர் கவனம் செடிகள் பக்கம் திரும்பியது. 1917-இல், தன் பிறந்த நாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். 1920-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது. 1937 ஜூலையில் மார்க்கோனி இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி, கிரிதி என்ற ஊரில் போஸ் காலமானார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 79 வயது நிறைந்திருக்கும்.

அவர் உண்டாக்கிய மில்லிமீட்டர் அலைகளை அதன்பின் பல வருடம் யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. இன்று 5ஜி செல்போனுக்கென்று ஒதுக்கிய அலைகளில் ஒரு பகுதி அந்த வரிசையில்தான் வருகிறது. விண்மீன்களை ஆராயும் தொலைநோக்கிகளும் அதே அலைகளைக் கேட்கின்றன. அந்தத் தகரப் புனலும் மற்றக் கருவிகளும் கொல்கத்தாவில் அவருடைய நிலையத்தின் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.